கூடவே ஒரு மதிப்பைக் கொடுத்தனுப்ப…

2007-ல் நான் எழுதின ஒரு பிஎச்பி கிளாஸை போன வாரம் திறந்து பார்த்தேன். யூசார்ட்டுக்கு மேல 'குளோபல்'னு ஒரு வரி. பழைய அவமானம் ஞாபகம் வந்துடுச்சு.

யூசார்ட்கிட்ட அரேயையும் நம்ம ஃபங்ஷன் பேரையும்தான் கொடுப்போம். அந்த கால்பேக்கைக் கூப்பிடறது அது. ஒப்பிட ரெண்டு உறுப்பு மட்டும் அனுப்பும். 'தொகையை வெச்சு ஒப்பிடு'ன்னு மூணாவதா சொல்ல வழியில்ல. நான் அதை குளோபல்ல வெச்சேன். வேறொரு ஃபைல்லயும் அதே பேர்ல ஒரு வேரியபிள்! பாக்கி லிஸ்ட் தொகைப்படி வராம பேர் வரிசைல வந்துச்சு. கடைக்காரர் மேல இருந்தவங்களுக்கு போன் போட்டு காய்ச்சி எடுத்துட்டார். அதுல ஒருத்தர் பாக்கி வெறும் 40 ரூபாய் :(

அப்போ வேற வழிகள் இல்லாம இல்ல. அரே_வாக் மூணாவது ஆர்கியுமென்ட்டா ஒரு மதிப்பை வாங்கி கால்பேக்குக்குக் கொடுக்கும். அரே_மேப்புக்கு, ஒரே மதிப்பை அரே_ஃபில்லால நிரப்பி ரெண்டாவது அரேயா அனுப்பலாம். யூசார்ட்டுக்கு ரெண்டுமே உதவாது. கிரியேட்_ஃபங்ஷன் இருந்துச்சு, ஆனா கோடையே ஸ்ட்ரிங்கா ஒட்டணும், உள்ளே ஓடறது ஈவல். வெளியிலிருந்து வர்ற இன்புட் அதுல கலந்தா ஆபத்து. 2017-ல் வந்த 7.2 அதைக் கைவிடச் சொன்னது, 2020-ல் வந்த 8.0 தூக்கியே எறிஞ்சது.

2008-ல் கிறிஸ்டியன் சைலரும் டிமிட்ரி ஸ்டோகோவும் க்ளோஷருக்கான முன்மொழிவை எழுதினாங்க. 2009 ஜூன்ல வந்த 5.3-ல் 'யூஸ்'னு போட்டு வேண்டிய மதிப்பைக் கூடவே அனுப்ப முடிஞ்சது. ஆனா கிளாஸ் எழுதறவங்களுக்குப் பாதி சந்தோஷம்தான். முன்மொழிவுல இருந்த 'திஸ்' வசதியை வெளியீட்டுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. 'திஸ்'ஸை 'செல்ஃப்'னு வேற வேரியபிள்ல போட்டு அனுப்பினாலும் பிரைவேட் விஷயங்களைத் தொட முடியாது. 2012-ல் வந்த 5.4-ல்தான் அது சரியாச்சு. 2019-ல் வந்த 7.4-ன் ஆரோ ஃபங்ஷனுக்கு 'யூஸ்'கூட வேண்டாம், வெளியே இருக்கிற மதிப்பைத் தானே எடுத்துக்கும்.

இதெல்லாம் சொல்லி நான் தப்பிக்க முடியாது. 2007-லயே அந்த மதிப்பை ஆப்ஜெக்ட்டோட ப்ராப்பர்ட்டில வெச்சுட்டு, திஸ்ஸையும் மெத்தட் பேரையும் ஒரு அரேயா யூசார்ட்டுக்குக் கொடுத்திருக்கலாம். குளோபல் ஒரு வரியில முடிஞ்சது, அவ்வளவுதான்.

வரியை மாத்திட்டேன். அந்த 40 ரூபாய்க்காரர்கிட்டதான் மன்னிப்பு கேக்கல.