ஏவியதைச் செய்யும் 'பாட்'

மேட்டூரில் திறந்துவிடும் காவிரி நீர் கல்லணையை எட்ட ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். அச்செய்தி தஞ்சைக்கு வந்துசேர இன்று ஒரு நொடி போதும். அதை அனுப்ப ஓர் ஆள் அமர்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. அலுவலகத்தார் கூடி உரையாடும் கணினித் தளங்களில் 'பாட்' எனப்படும் சிறு நிரலே அப்பணியைச் செய்துவிடும். இது எவ்வாறு தோன்றியது?

'பாட்' என்பது 'ரோபாட்' என்பதன் குறுக்கம். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தில் பிறந்த சொல் அது. கட்டாய உழைப்பு என்பது அதன் வேர்ப்பொருள்.

1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், 'எலைசா' என்னும் உரையாடும் நிரலைப் பற்றி எழுதினார். நாம் எழுதும் வாக்கியத்தில் சில சொற்களைக் கண்டறிந்து, அவற்றையே கேள்வியாக்கித் திருப்பித் தருவதுதான் அதன் உத்தி. ஆயினும் தம்மை அது புரிந்துகொண்டதாகவே பலர் நம்பினர். இந்நம்பிக்கை வைசன்பாமைக் கவலைகொள்ளச் செய்தது.

1988இல் பின்லாந்தின் ஔலு நகரில் யார்க்கோ ஓய்க்கரினன் ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறையை உருவாக்கினார். அதன் உரையாடல் அறைகளைக் காக்கும் காவலாளிகளாகப் பாட்கள் வேலைக்கு அமர்ந்தன. 2013இல் வெளிவந்த 'ஸ்லாக்' போன்ற தளங்கள் அவற்றை அலுவலகங்களுக்குள் கொண்டுவந்தன.

தமிழகத்திற்கும் இதில் பங்குண்டு. 1996இல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் தொடங்கி, 2009இல் 'ஸோஹோ' எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் உரையாடல் தளம் 'க்ளிக்'. நிறுவனரில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தஞ்சை மாவட்ட வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். இத்தளத்தில் பாட்களுக்கான விதிகளை 'டெலூஜ்' என்ற நிரல்மொழியில் எழுதுகிறார்கள். வெள்ளப்பெருக்கு என்பது அச்சொல்லின் பொருள்!

'இன்ன செய்தி வந்தால் இன்னது செய்' என்பதே விதியின் வடிவம். நீர்த்திறப்பை அறிவிக்கும் ஒரு பாட்டை நாமே எழுதுவதாகக் கொள்வோம். '10,000 கன அடி திறப்பு' என்று செய்தி வருகிறது. அது வினாடிக்கு உரிய அளவு. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள். ஆகவே ஒரு நாளில் பாயும் நீர் 86.4 கோடி கன அடி. 100 கோடி கன அடி ஒரு டி.எம்.சி. என்பதால், இது 0.864 டி.எம்.சி. ஆகிறது.

விதி எழுதுபவர் 'வினாடிக்கு' என்பதை மறந்து, 10,000 கன அடியையே நாள் முழுவதற்கும் உரிய அளவாகக் கொண்டால்? பாட் தயங்காது; 0.00001 டி.எம்.சி. என்று எல்லோருக்கும் அறிவித்துவிடும். அதை நம்பும் உழவர் தண்ணீர் வராது என்றெண்ணிக் குறுவை நாற்றங்காலைத் தள்ளிப்போடக்கூடும். மதகைக் காக்கும் லஸ்கரிடம் இந்த எண்ணைக் காட்டினால், தவறு என்று உடனே சொல்லிவிடுவார். பாட்டுக்கு அந்த அனுபவம் இல்லை.

எனவே பாட் எழுத விரும்பும் மாணவர்கள் நிரல்மொழியோடு, அது செய்யவிருக்கும் தொழிலையும் கற்றாக வேண்டும். நீரையும் நெல்லையும் அறிந்த டெல்டாப் பிள்ளைகளுக்கு அதில் பாதி முன்பே கைவந்திருக்கிறது.