தன்னை மறந்து நிற்கும் பிள்ளை: அளவுகோல் சொல்வது என்ன?

பாலவனத்தம், திருச்சுழி பக்கம் ஒரு பிள்ளை கூப்பிட்டாலும் காதில் விழாமல் உறைந்து நின்று, பிறகு எதுவும் நினைவில்லை என்றால், "காத்து கருப்பு" என்போம். இல்லையேல் "நடிப்பு" என்போம். மனநல மருத்துவத்தில் இதற்கு 'விலகல் நிலை' என்றொரு பெயர் உண்டு. தாங்க முடியாத பயம், துயரம் ஆகியவற்றால் நினைவும் உணர்வும் சற்று நேரம் அறுபடுவது அது. வலிப்பு நோயும் இப்படித் தோன்றலாம்.

பதின்ம வயதினரிடம் இதை அளக்க, 1997-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஆம்ஸ்ட்ராங், புட்னம் முதலானோர் 'ஏ-டெஸ்' படிவத்தை வெளியிட்டனர். கேள்விகள் 30, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். சராசரி 4-ஐத் தொட்டால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும். நோய் என்று அதுவே முடிவாகிவிடாது.

சொல்லை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. தனக்குள் வேறு ஆட்கள் இருப்பதாகத் தோன்றுகிறதா என்ற கேள்வியை, ஜின் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு விதமாகப் புரிந்துகொள்ளும். ஆகவே அந்தந்த மொழிப் பிள்ளைகளிடமே படிவத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடும், சமயச் சடங்கில் ஏற்கப்பட்ட அனுபவத்தை நோயாகக் கொள்வதில்லை. விருப்பமின்றி வந்து, வாழ்வைக் குலைப்பதையே நோய் என்கிறது.

ஏர்வாடியில் துஆவோடு மருத்துவமும் கிடைக்க அரசின் 'தவா-துஆ' திட்டம் வந்தது. நாமும் ஓதிப் பார்ப்பதோடு நிற்காமல் மருத்துவரிடமும் காட்டுவோம். டெலி-மனஸ் இலவச ஆலோசனை எண்: 14416.