லைசென்ஸ் ராஜ்

‘அனுமதிக்கப்பட்டது’ என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்தது லைசென்ஸ். ‘ராஜ்’ என்பது ஆட்சியைக் குறிக்கும் இந்திச் சொல். பிரிட்டிஷ் ராஜ் போய் வந்தது ‘லைசென்ஸ்-பெர்மிட்-கோட்டா ராஜ்’ என்று கிண்டலாகப் பெயர் சூட்டியவர் ராஜாஜி. வெறும் வாய்ச்சொல் அல்ல அது. 1952இல் சென்னை மாநில முதல்வராக உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கிக் காட்டியவர் அவர்.

1951ஆம் ஆண்டுத் தொழில் சட்டப்படி, பெரிய ஆலை தொடங்கவும் விரிவாக்கவும் புதிய பொருள் தயாரிக்கவும் டெல்லியின் உரிமம் வேண்டியிருந்தது. பெருமுதலாளிகளை அடக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். நடந்ததோ வேறு. பெரிய நிறுவனங்கள் உரிமங்களை முன்கூட்டியே வாங்கி முடக்கிவைத்து, போட்டியாளர் நுழையாமல் தடுத்தன. அரசு அமைத்த தத் குழுவே 1969இல் இதைப் பதிவு செய்தது. வேலி யாருக்காகப் போட்டார்களோ, அவர்களே அதற்குள் சுகமாக உட்கார்ந்துகொண்டார்கள்!

1991 ஜூலையில் 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. அதற்காக எல்லா விதிகளையும் ‘லைசென்ஸ் ராஜ்’ என்று ஏசுவது சரியல்ல. எண்ணை மாற்றாமலே செல்பேசி நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011இல் நாடு முழுவதும் வந்தது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டாயத்தால்தான். நிறுவனங்கள் தாமாக முன்வந்து தரவில்லை.