கங்கைக் கரையில் ஒரு படிப்பு

கொல்கத்தாவில் குடியேறிய தமிழ்மக்களுக்குப் பார்க் தெரு புதியதன்று. இப்பொழுது அன்னை தெரேசாவின் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்வீதியில், 1860-ஆம் ஆண்டு இயேசு சபைத் துறவியர் நிறுவிய தூய சவேரியார் கல்லூரி இருக்கின்றது. அக்கல்லூரியின் வாயிலை நாள்தோறும் கடந்து அலுவலகம் செல்வோர் பலர். அதனுள்ளே சில பாதிரிமார் கூடிச் சங்கரரையும் இராமாநுசரையும் பல்லாண்டு பயின்று விவாதித்தனர் என்பதும், அப்படிப்பு ஒரு திங்களிதழாக வெளிவந்தது என்பதும், அதே வழியிற் சென்ற மற்றொரு முயற்சி காவிரிக் கரையிலே ஓர் ஆசிரமமாக எழுந்தது என்பதும் அவருள் எத்துணைப் பேருக்குத் தெரியும்? கங்கையையும் காவிரியையும் இணைக்கும் அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

வரலாற்றின் தொடக்கம் ஒரு கிறிஸ்தவக் கோவிலில் இல்லை. வராகநகரில் இருந்த ஒரு பாழடைந்த வீட்டில் இருக்கின்றது. 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பரமஹம்ச இராமகிருஷ்ணர் மறைந்தபின், அவருடைய இளஞ்சீடர்கள் அவ்வீட்டிலே கூடித் துறவு வாழ்வு தொடங்கினர். உணவு கிடைத்த நாளும் உண்டு; கிடைக்காத நாளும் உண்டு. ஆயினும் நூல்களுக்குக் குறைவில்லை. உபநிடதமும் கீதையும் மேலைநாட்டுத் தத்துவமும் ஓதப்பெற்ற அவ்விடத்தில் பெரிதும் மதிக்கப்பெற்ற மற்றொரு நூல், பதினைந்தாம் நூற்றாண்டில் தாமஸ் கெம்பிஸ் என்னும் துறவி இலத்தீனில் இயற்றியதாகக் கூறப்படும் கிறிஸ்து அநுசாரமாகும். தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களிற் பழைமையாகப் படிக்கப்பெற்று வரும் நூல் அது. நரேந்திரர், பிற்காலத்து விவேகானந்தர், 1889-இல் அதன் முதல் ஆறு அதிகாரங்களை வங்காளியில் மொழிபெயர்த்து, 'ஈசாநுசரணம்' என்னும் பெயரால் ஒரு மாத இதழில் வெளியிட்டார். மூலத்தோடு ஒத்த கருத்துடைய கீதை முதலிய நூற்பகுதிகளை அடிக்குறிப்பாக எடுத்துக்காட்டினார். வைணவர் தாஸ்ய பக்தி என்று போற்றும் அடிமைத்திறம் அந்நூலெங்கும் பரவிக் கிடப்பதாக அவர் முன்னுரையிற் குறித்தார். ஆழ்வார்களை அறிந்த தமிழர்க்கு இக்கருத்தைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

இந்துத் துறவியர் கிறிஸ்தவ நூலைப் படித்தமைக்கு எவரும் தடை விதிக்கவில்லை. ஒரு கிறிஸ்தவர் வேதாந்தத்தைப் படிக்கத் தொடங்கியபொழுதுதான் இடர் விளைந்தது.

அவர் பவானிசரண் பந்தோபாத்தியாயர். 1861-ஆம் ஆண்டு ஹூக்ளி மாவட்டத்துக் கன்யான் என்னும் சிற்றூரிற் பிறந்தவர்; கேசவசந்திர சேனருடைய பிரம்ம சமாசத்தில் நரேந்திரரோடு பழகியவர். அவருடைய சிற்றப்பன்மாருள் ஒருவரான காளிசரண் பானர்ஜி ஏற்கெனவே கிறிஸ்தவர். வெள்ளைக்கார மிஷன்களின் பிரிவினைகளைச் சாராமல் வங்கக் கிறிஸ்தவர் ஒன்றுகூடி வழிபட வேண்டும் என்னும் கருத்தோடு, 1887-இல் கல்கத்தாவில் 'கிறிஸ்தோ சமாஜம்' நிறுவியவருள் காளிசரணரும் ஒருவர். பவானிசரணர் 1891-இல் திருமுழுக்குப் பெற்று, அவ்வாண்டிலேயே கத்தோலிக்கத் திருச்சபையிற் சேர்ந்தார். பின்னர்க் காவியுடுத்துப் பிரம்மபாந்தவ உபாத்தியாயர் என்னும் பெயர் பூண்டார்.

1894-இல் கராச்சியிலிருந்து அவர் தொடங்கிய 'சோபியா' என்னும் திங்களிதழை முதலிற் படிப்போர் வியப்படைவர். அதிலே அத்துவைதத்தை அவர் கடுமையாக மறுத்தே எழுதினார். நான்கைந்து ஆண்டுகளில் அவர் கருத்து மாறியது. மாற்றத்திற்குக் காரணம் அவருடைய படிப்பே. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இத்தாலியத் துறவியான அக்குவினாஸ் தோமையாரை (மயிலையிற் போற்றப்படும் திருத்தூதர் தோமையார் வேறு, இவர் வேறு) அவர் ஊன்றிக் கற்றார். படைப்பிற்குத் தனக்கென இருப்பு இல்லை, அது கணந்தோறும் இறைவனிடமிருந்து இருப்பைப் பெற்றே நிற்கின்றது என்பது அத்தோமையாரின் கொள்கை. மாயை என்று சங்கரர் சொன்னதும் இதுவே அன்றோ என்று உபாத்தியாயர் வினவினார். உலகம் வெறுங்கனவு என்பது மாயையின் பொருளன்று. தானே நிலைபெறும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதே பொருள் என்று வாதிட்டார். தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொருமையைச் சத்து, சித்து, ஆனந்தம் என்னும் சொற்களால் வணங்கி, 1898-இல் ஒரு சமஸ்கிருதத் துதி பாடினார். மறுவருடம் நருமதைக் கரையில், ஜபல்பூரை அடுத்து, இந்தியத் துறவியர்க்குரிய கத்தோலிக்க மடம் ஒன்று அமைக்க முயன்றார்.

மடம் எழவில்லை. உரோமாபுரியின் பிரதிநிதியாக இந்தியாவில் இருந்த சலெஸ்கி ஆண்டகை அம்முயற்சியை ஏற்கவில்லை. உபாத்தியாயர் கல்கத்தா திரும்பி 1900-இல் 'சோபியா'வை வார இதழாக நடத்தினார். கத்தோலிக்கர் அதைப் படித்தல் ஆகாது என்று தடை பிறந்தது. 1901-இல் 'டுவென்டியத் செஞ்சுரி' என்னும் வேறோர் இதழ் தொடங்கினார்; அதற்கும் அதே கதி. தடையின் தன்மையை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். எழுதியவரைத் திருச்சபையினின்று விலக்கவில்லை. படிப்பவரைத்தான் தடுத்தனர். எழுதுகோலைப் பறிப்பதினும் வாசகனைப் பறிப்பது கொடிது என்பது என் எண்ணம். மதுரையில் 1606 முதல் தொண்டாற்றிய தத்துவபோதகர் காவியும் பூணூலும் கொண்டமை பற்றி எழுந்த வழக்கில், 1623-இலேயே உரோமாபுரி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்திருந்தது. அந்த முன்மாதிரி இருந்தும் கல்கத்தாவில் கதவு திறக்கவில்லை.

அதன்பின் உபாத்தியாயரின் வேகம் வேறு திசைகளிற் பாய்ந்தது. 1901-இல் இரவீந்திரர் சாந்திநிகேதனத்தில் பள்ளி தொடங்கியபொழுது உடனின்று உதவினார். 1902-இல் விவேகானந்தர் மறைந்ததும், அவர் விட்ட பணியைத் தொடரும் எண்ணத்தோடு இங்கிலாந்து சென்று ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் இந்து தத்துவம் பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1904-இல் 'சந்தியா' என்னும் வங்காளி நாளிதழைத் தொடங்கி அன்னிய ஆட்சியைச் சாடினார். இராசத்துரோக வழக்கில் அகப்பட்டு, சித்தரஞ்சன தாசர் தமக்காக வழக்காடிய நிலையிலேயே, அன்னிய அரசின் விசாரணையில் தமக்குப் பங்கில்லை என்று அறிவித்துவிட்டு, 1907 அக்டோபர் 27-இல் மருத்துவமனையில் உயிர்நீத்தார். உடல் இந்து முறைப்படி எரியூட்டப்பெற்றது. அவர் இறுதிவரை கிறிஸ்தவரா, இந்துவா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. தாம் இந்துவாகப் பிறந்தவர், நம்பிக்கையாற் கத்தோலிக்கர் என்னும் இரண்டிற்கும் முரண் இல்லை என்று அவரே எழுதியிருக்க, வழக்காடுவோர் அவரை ஏன் ஒரு பக்கம் இழுக்கின்றனரோ அறியோம்.

இனிப் பார்க் தெருவிற்கு வருவோம்.

அயர்லாந்தினரான வில்லியம் வாலஸ் என்பவர் ஆங்கிலிக்கன் மிஷனரியாக வங்காளத்திற்கு வந்தவர். வங்க வைணவர்களின் பக்தியைக் கண்டு அவர் உள்ளம் கலங்கிற்று. இம்மக்களுக்குப் போதிக்க வந்த நாம் இவர்களிடம் கற்கவேண்டியது இவ்வளவா என்று எண்ணலானார். கத்தோலிக்கராகி, இயேசு சபையிற் சேர்ந்து, மீண்டும் வங்காளம் வந்தார். இந்திய தத்துவத்தை ஆண்டுக்கணக்கிற் கற்கவல்ல அறிஞரை அனுப்புமாறு பெல்ஜியத்திலிருந்த மேலோரை இடைவிடாது வற்புறுத்தினார். 1922-இல் அவர் மறைந்தார். ஆயினும் அவர் கேட்ட அறிஞருள் இருவர் அதற்குள் வந்து சேர்ந்திருந்தனர். ஒருவர் ஜார்ஜ் தாந்துவா. அத்துவைதத்தில் உலகப் பொய்ம்மை பற்றி 1919-இலேயே நூல் வெளியிட்டவர். மற்றொருவர் 1882-இல் லக்ஸம்பர்க் நாட்டிற் பிறந்த பியர் ஜோஹன்ஸ்.

1922 அக்டோபரில் இவ்விருவர் முயற்சியால் 'லைட் ஆஃப் தி ஈஸ்ட்', அதாவது கிழக்கின் ஒளி, என்னும் ஆங்கிலத் திங்களிதழ் கல்கத்தாவிலிருந்து வெளிவரலாயிற்று. தாந்துவா ஆசிரியர். உபாத்தியாயரின் அணுக்கத் தொண்டராய் இருந்த சிந்து நாட்டவர் அணிமானந்தர், கல்கத்தாவிற் சிறுவர்க்கான பள்ளி நடத்திக்கொண்டே, தம் ஆசானின் கடிதங்களையும் கட்டுரைகளையும் சேர்த்துக் காத்துவந்தார். இருபது ஆண்டுகட்கு முன் படிக்கலாகாது என்று தடுக்கப்பெற்ற சிந்தனை, அதே நகரில், அதே திருச்சபையின் இசைவோடு, மாதந்தோறும் அச்சேறத் தொடங்கியது.

ஜோஹன்ஸ் அதில் 'வேதாந்தத்தின் வழியே கிறிஸ்துவிடம்' என்னும் பொருளமைந்த தலைப்பில் ஆண்டுக்கணக்காகத் தொடர் எழுதினார். பிறர் நூலைக் குறைகாணவே திறக்கும் மிஷனரிமாரின் பழைய வழக்கம் அவரிடம் இல்லை. சங்கரரை முதலிற் சங்கரர் சொன்னவாறே விளக்குவார்; இராமாநுசரையும் வல்லபரையும் அவ்வாறே. அதன்பின்னரே தம் மதிப்பீட்டைக் கூறுவார். இறைவன் எதையும் சாராதவன், நிறைவானவன் என்பதைச் சங்கரர்போல் உறுதியாய்ப் பற்றியவர் இலர் என்பார். அவ்விறைவன் குணங்கள் நிறைந்தவன், அன்பிற்குரியவன் என்பதைக் காத்தவர் ஸ்ரீபெரும்புதூரிற் பிறந்த இராமாநுசர் என்பார். ஆனந்தத்தினின்றே படைப்பு விளைந்தது என்பதை வல்லபரிடம் காண்பார். ஒருவரோடு ஒருவர் முரணி நிற்கும் இவ்வுண்மைகள் அக்குவினாஸ் தோமையாரின் அமைப்பில் ஒன்றுகூடி நிற்கும் என்பது அவர் முடிவு.

இம்முடிவை ஒரு வேதாந்தி ஏற்பாரா? ஏற்கமாட்டார் என்றே சொல்லவேண்டும். தம் தரிசனம் தன்னளவில் முழுமையானது என்று கருதும் சங்கர மரபினர்க்கு, அது பிறிதொன்றிற்குப் படிக்கட்டு என்று கேட்பது உவப்பாகாது. இராமாநுசரைப் பாஷ்யத்தின் வழியே மட்டும் கண்டு, அவருடைய மரபு உயிராகப் போற்றும் திவ்வியப் பிரபந்தத்தைத் தொடாமல் விட்டது மற்றொரு குறை. திருவாய்மொழியை விட்டு இராமாநுசரைக் காண்பது, கரையில் நின்று காவிரியை அளப்பது போன்றது. இக்குறைகளையெல்லாம் கூறியபின்னும், எதிர்த்தரப்பினரின் நூலை அவர்களே ஒப்புமாறு முதலில் எடுத்துரைத்த அந்நேர்மை போற்றற்குரியதே.

இப்படிப்பு கல்கத்தாவோடு நிற்கவில்லை. டார்ஜிலிங் மலைச்சாரலில் கர்சியாங் என்னுமிடத்தில் இயேசு சபையின் இறையியற் கல்லூரி இருந்தது. அங்கே பயின்ற இளந்துறவியரிடையும் சமஸ்கிருதமும் தரிசனங்களும் கற்கும் ஆர்வம் பரவிற்று. அக்கல்லூரி 1970-களின் தொடக்கத்தில் தில்லிக்கு மாறி, வித்யாஜோதி என்னும் பெயர் பெற்றது. ஜோஹன்ஸ் 1939-இல் உடல்நலம் குன்றி ஐரோப்பா திரும்பினார். அணிமானந்தர் 1945-இல் மறைந்தார். 1946-இல் 'லைட் ஆஃப் தி ஈஸ்ட்' நின்றது. அடுத்த தலைமுறையினரான ராபர்ட் ஆந்துவானும் பியர் பாலோனும் தென் கல்கத்தாவிற் சாந்தி பவன் என்னும் இல்லத்தில் தங்கி, வங்க எழுத்தாளரோடும் மாணவரோடும் கலந்து பழகினர். ஆந்துவான் ஜாதவபூர்ப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியம் கற்பித்தார். அவருடைய சமஸ்கிருதப் பாடநூலைக் கொண்டு வடமொழி கற்ற மாணவர் பலர்.

ஜோஹன்ஸின் கட்டுரைகள் 1930-களில் பிரெஞ்சு மொழியில் நூல்வடிவம் பெற்றன. சில ஆண்டுகள் கழிந்து, 1939-இல், பிரெஞ்சு நாட்டுக் குருவான மோன்ஷானென் தமிழகம் வந்து திருச்சிராப்பள்ளி மறைமாவட்டத்தில், குழித்தலைப் பகுதிச் சிற்றூர்களில் தொண்டாற்றலானார். 1948-இல் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஆன்றி ல சோ வந்து அவரோடு சேர்ந்தார். மறுவருடம் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியைக் கண்ட காட்சி ல சோவின் வாழ்வையே மாற்றிற்று. இருவரும் 1950 மார்ச்சு 21-ஆம் நாள், காவிரித் தென்கரையில் தண்ணீர்ப்பள்ளியில் ஓர் ஆசிரமம் தொடங்கினர். மக்கள் அதனைச் சாந்திவனம் என்பர். அதன் முறையான பெயர் சச்சிதானந்த ஆசிரமம். 1898-இல் உபாத்தியாயர் பாடிய அதே சொல். நருமதைக் கரையில் எழாத மடம் அரை நூற்றாண்டு கழித்துக் காவிரிக் கரையில் எழுந்தது.

எழுந்த உடனே செழித்ததென்று எண்ணற்க. ஓலைக் குடிசைகள் சில, நூல்கள் பல, சீடர் மிகச் சிலர். பல ஆண்டுகள் அவ்வளவே. 'பரம அரூபி ஆனந்தம்' என்னும் பெயர் பூண்ட மோன்ஷானென் 1957-இற் பாரிஸில் மறைந்தார். அபிஷிக்தானந்தர் ஆகிய ல சோ இமயத்தையே நாடி, 1968-இல் ஆசிரமத்தைப் பீட் கிரிபித்ஸ் என்னும் ஆங்கிலத் துறவியிடம் ஒப்புவித்தார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1965 அக்டோபரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதனையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்திருந்தது. சலெஸ்கி ஆண்டகையின் தடைக்கும் இவ்வறிவிப்பிற்கும் இடையே அறுபத்தைந்து ஆண்டுகள். 1993-இல் மறையும்வரை பீட் கிரிபித்ஸ் அங்கே வாழ்ந்தார். அவர் நாளில் ஆசிரம வழிபாட்டிற் காலையில் வேத உபநிடதப் பகுதிகளையும், மாலையில் தமிழ் அருளாளர்களின் பாடல்களையும் விவிலியத்தோடு சேர்த்து ஓதுவர். இராமாநுசரைப் படித்தும் பிரபந்தத்தைத் தொடாத ஜோஹன்ஸ் விட்ட இடத்தை, மாணிக்கவாசகரும் தாயுமானவரும் அம்மாலை வேளைகளில் நிரப்பினர்.

பார்க் தெருக் கல்லூரியிற் கல்கத்தாவின் முதற் பேராயர் கோத்தல்ஸின் பெயரால் அமைந்த பழைய நூலகம் ஒன்று உண்டு. இந்தியாவைப் பற்றிய அரிய நூல்கள் நிறைந்தது. அவ்வழியே செல்லும் தமிழன்பர்கள், முறைப்படி இசைவு பெற்று, ஒரு நாள் உட்சென்று பார்க்கலாம்.