சென்னையும் ஜித்தாவும்: தூரம் ஒன்று, காலம் வேறு

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 4,400 கிலோமீட்டர். இடைநில்லா விமானம் இதை ஏறத்தாழ ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. சவூதி நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பிந்தியது. ஆகவே காலை 8 மணிக்குச் சென்னையில் புறப்படுபவர், அங்கு லுஹர் பாங்கு ஒலிக்கும் முன்பே ஜித்தாவில் இறங்கிவிடலாம். ஆனால் இதே தூரத்தைக் கடக்க நம் முன்னோருக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன.

பாய்மரக் காலத்தில் பயண நாளைத் தீர்மானித்தது காற்றே. தமிழகத்து ஹாஜிகள் பெரும்பாலும் கோழிக்கோடு, சூரத் போன்ற மேற்குக் கரைத் துறைமுகங்களை அடைந்து கப்பலேறினர். சூரத்துக்கு ‘மக்காவின் வாசல்’ என்றே பெயர் வழங்கிற்று. அரபுக் கரைக்குச் செல்ல வடகிழக்குப் பருவக்காற்றும், திரும்பிவரத் தென்மேற்குப் பருவக்காற்றும் வேண்டும். காற்றோ சூரியனின் பருவத்தைப் பின்பற்றுவது. துல்ஹஜ் மாதமோ பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாட்கள் முன்னே நகர்வது. இவ்விரண்டும் பொருந்தாத ஆண்டுகளில், பல மாதங்கள் முன்னரே புறப்பட்டு அங்கே காத்திருக்க நேர்ந்தது. கடலில் கழிந்த நாட்களைவிடக் கரையில் காத்திருந்த நாட்களே மிகுதி.

நீராவிக் கப்பல் இந்தத் தளையை அறுத்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் செங்கடலில் கப்பல் போக்குவரத்து பெருகிற்று. 1871இல் சென்னையும் பம்பாயும் இரயில் பாதையால் இணைந்தன. அதன்பின் நம்மவர்க்குப் பம்பாயே புறப்படும் துறையாயிற்று. ஆயினும் புதிய காத்திருப்பு ஒன்று வந்து சேர்ந்தது. காலரா அச்சத்தால் 1882 முதல் செங்கடலின் கமரான் தீவில் ஹாஜிகள் இறக்கப்பட்டு, பல நாட்கள் தனித்து வைக்கப்பட்டனர்.

விமானப் பயணம் வளர்ந்த பின்பும் கப்பல் நெடுங்காலம் நீடித்தது. பம்பாயிலிருந்து ஜித்தா செல்ல ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். வழியில் யலம்லம் எல்லையை நெருங்கும்போது கப்பலிலேயே இஹ்ராம் அணிவார்கள். எம்.வி. அக்பரி கப்பலின் சேவை 1995இல் நின்றதுடன் இந்தியாவிலிருந்து கடல்வழி ஹஜ் பயணம் முடிவுற்றது. இன்று மீக்காத் எல்லையை வானிலேயே கடப்பதால், விமானம் ஏறுமுன்னரே இஹ்ராம் துணி உடலில் ஏறிவிடுகிறது.

எனினும் பயணத் தூரத்தை விமான நிலையத்திலிருந்து மட்டும் கணக்கிட இயலாது. 2022இல் சென்னை புறப்பாட்டு நிலையமாக இல்லாததால், ஹஜ் கமிட்டி வழியே சென்ற தமிழக ஹாஜிகள் கொச்சி சென்று விமானம் ஏறினர். முதியோருக்கு அந்தத் தரைவழிப் பயணமே பெருஞ்சுமை. 2023இல் சென்னைக்கு மீண்டும் அவ்வசதி கிடைத்தது.

அன்று ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர் திரும்புவது உறுதியில்லை. ஆகவே கடனைத் தீர்த்து, வஸிய்யத் எழுதி, உற்றார் உறவினரிடம் பிழை பொறுக்க வேண்டி விடைபெற்றனர். ஆறு மணி நேரப் பயணத்திலும் இக்கடமைகளில் ஒன்றுகூடக் குறையவில்லை.

கப்பலில் ஹஜ் செய்த பெரியவர்கள் சிலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். ஆண்டுதோறும் அவர்கள் எண்ணிக்கை குறைந்துவருகிறது. நம் வீடுகளில் அத்தகையோர் இருப்பின், அவர்தம் பயண நினைவுகளைக் கேட்டு இப்போதே எழுதி வைப்போமாக. நம் அனைவருக்கும் அந்த இறையில்லத்தைக் காணும் பாக்கியத்தை அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.