நுரையீரல் புற்றுநோய்: கீமோ நாள்கள் ஆளுக்கு ஆள் ஏன் மாறுகின்றன?

நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் இருவரில் ஒருவர் மூன்று வாரத்திற்கு ஒரு நாள் கீமோவுக்குச் செல்வார். மற்றவர் தொடர்ந்து மூன்று நாள் செல்வார். ‘நமக்கு மட்டும் ஏன் மருந்து குறைவு?’ எனக் குடும்பத்தினர் கவலைப்படுவதுண்டு. நாள்களின் எண்ணிக்கையை வைத்துச் சிகிச்சையை எடைபோடக் கூடாது.

இடைவெளி எதற்கு?

கீமோ மருந்து புற்றணுக்களோடு, இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையும் தாக்கும். வெள்ளையணுக்கள் பெரும்பாலும் 7 முதல் 14 நாள்களுக்குள் மிகவும் குறைந்து, பிறகு மீளும். அதனால் பல அட்டவணைகள் 21 நாள் சுற்றாக அமைந்துள்ளன. வழக்கமாக 4 முதல் 6 சுற்றுகள்.

பரவலான அட்டவணைகள்

• சிறு செல் வகை: சிஸ்பிளாட்டின் முதல் நாள், எட்டோபோசைடு 1, 2, 3ஆம் நாள்.
• சிறு செல் அல்லாத வகை: கார்போபிளாட்டின், பேக்ளிடாக்சல் இரண்டும் முதல் நாள் மட்டும்.
• சிஸ்பிளாட்டினுடன் ஜெம்சிட்டாபின்: முதல் நாள் இரண்டும், 8ஆம் நாள் ஜெம்சிட்டாபின் மட்டும்.
• சிஸ்பிளாட்டினுடன் பெமெட்ரெக்செட்: முதல் நாள் மட்டும். ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

எது சிறந்தது?

சிறு செல் அல்லாத வகை முற்றிய நிலையில் இருந்த 1,100க்கும் மேற்பட்டோரிடம் நான்கு மருந்துக் கூட்டுகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு 2002இல் வெளியானது. வாழ்நாளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை, பக்கவிளைவுகளே வேறுபட்டன.

2008இல் வெளியான மற்றோர் ஆய்வு, புற்றின் உட்பிரிவும் முக்கியம் எனக் காட்டியது. அடினோகார்சினோமா உள்ளவர்களுக்குப் பெமெட்ரெக்செட் கூட்டும், ஸ்குவாமஸ் வகைக்கு ஜெம்சிட்டாபின் கூட்டும் கூடுதல் பலன் தந்தன. ஆகவே, திசுப் பரிசோதனை முடிவே அட்டவணையைத் தீர்மானிக்கும் முதல் காரணம். சிறுநீரகம், காது, நரம்பு ஆகியவற்றின் நிலையும் பார்க்கப்படும். சிலருக்குக் கீமோவுக்குப் பதிலாக மரபணு மாற்றத்திற்கேற்ற மாத்திரை பொருந்தலாம்.

கவனிக்க வேண்டியவை

தோட்டத்திலிருந்து நகர மருத்துவமனைக்கு வருவோர், பயணச் சிரமத்தை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லலாம். பலன் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, குறைவான நாள் வரும் அட்டவணைக்கு வாய்ப்புண்டு. உடம்பு தேறிவிட்டது என்று 8ஆம் நாள் ஊசியைத் தாமாகத் தவிர்க்கக் கூடாது. இரத்த அணுக்கள் குறைவாக இருந்து மருத்துவரே தள்ளிப்போட்டால், அது பாதுகாப்புக்காகத்தான்.

இடைவெளி நாள்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், பனடோல் போட்டுவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் சென்று, கீமோ எடுத்துவரும் விவரத்தை முதலில் சொல்ல வேண்டும்.