ஒரு செம்புள்ளியின் கதை

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கதையில் ஒரு டாக்டரைக் கொண்டுவந்துவிட்டால், மறு வாரமே யாராவது வந்து முதுகுவலிக்கு மருந்து கேட்பார்கள். வக்கீலைக் கொண்டுவந்தால் பாகப் பத்திரத்தை நீட்டுவார்கள். நான் எப்போதோ ஒரு நாவலில் வேட்டைக்காரர் ஒருவரை உலவவிட்டேன். அதன் பலன் சென்ற வருஷம் கிடைத்தது.

என் தங்கை மகன் ஸ்வீடன் தேசத்தில் மால்மோ நகரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறான். உடன் வேலை பார்க்கிறவர்களோடு சேர்ந்து அங்கே வேட்டைக்காரர் பரீட்சை எழுதித் தேறிவிட்டான். ஆமாம், அந்தத் தேசத்தில் வேட்டைக்கும் பரீட்சை உண்டு. புத்தகப் படிப்பும் உண்டு, சுட்டுக்காட்டுவதும் உண்டு. தேறிய கையோடு எனக்கு எழுதினான்:

"மாமா, ரைஃபிள் வாங்கிவிட்டேன். அதன்மேல் பொருத்தச் சின்னதாக ஒரு ரெட் டாட் சைட் வாங்க வேண்டும். கடையில் ஏகப்பட்ட தினுசு வைத்திருக்கிறார்கள். வேட்டைக்கும் உதவ வேண்டும், இலக்குப் பலகையில் சுட்டுப் பழகவும் உதவ வேண்டும். நாவலில் அவ்வளவு எழுதினீர்களே, எதை வாங்கலாம், சொல்லுங்கள்."

எனக்கும் துப்பாக்கிக்கும் உள்ள பழக்கம் என்ன? தாத்தாவின் துப்பாக்கி சுவரில் தொங்கியதைச் சிறு வயதில் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். தேர்தல் வந்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிவர அப்பா போவார். நானும் கூடப் போயிருக்கிறேன். அவ்வளவுதான். ஆனாலும் மருமானிடம் "எனக்குத் தெரியாதப்பா" என்று சொல்ல எந்த மாமாவுக்கு வாய் வரும்? படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, வாங்க வேண்டிய சாமானைவிட அது வந்த வழி சுவாரசியமாகப் போய்விட்டது.

முதலில் கண்ணின் கஷ்டத்தைச் சொல்லவேண்டும். சாதாரண ரைஃபிளில் கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம், குழல் முனையில் ஒரு மணி, அதற்கப்பால் எங்கேயோ தூரத்தில் குறி. மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்தவேண்டும். ஆனால் மனிதக் கண் ஒரு சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். மணியைப் பார்த்தால் மான் மங்கும். மானைப் பார்த்தால் மணி மங்கும். இருபது வயதில் கண் இங்கும் அங்கும் ஓடிச் சமாளித்துவிடுகிறது. நாற்பதுக்குமேல் வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு அந்த ஓட்டம் நின்றுபோகிறது. இதை நான் ஊசியில் நூல் கோக்கும்போதே அறிந்திருக்கிறேன்.

இந்தக் கஷ்டத்துக்கு வழி கண்டவர் துப்பாக்கி வியாபாரி அல்ல, பட்டாளத்துக்காரரும் அல்ல. வானத்து நட்சத்திரங்களைப் பார்க்க டெலஸ்கோப் செய்துகொண்டிருந்தவர். அயர்லாந்தில் டப்ளின் நகரத்து ஸர் ஹோவர்ட் கிரப். 1844-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் தாமஸ் கிரப்பும் டெலஸ்கோப் செய்தவரே. அந்தப் பட்டறையின் கைவேலை நம் நாட்டுக்கும் வந்திருக்கிறது. பூனாவில் ஒரு வானாராய்ச்சி நிலையத்துக்காக கிரப் செய்த 20 அங்குல டெலஸ்கோப், அந்த நிலையம் மூடப்பட்ட பிறகு, 1912-ல் நம் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தது. கோடை வாசத்துக்குப் போய் ஏரியைச் சுற்றி வருகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த கிரப் 1900-ல் ஒரு யோசனை சொன்னார். அதைப் புரிந்துகொள்ள இராத்திரி பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தால் போதும். பஸ்ஸுக்குள் எரிகிற விளக்கு ஜன்னல் கண்ணாடியில் பட்டு, வெளியே வயல்வெளிக்குமேல் தொங்குவதுபோலத் தெரிகிறதல்லவா? விளக்கும் தெரிகிறது, வயலும் தெரிகிறது. ஒன்றை ஒன்று மறைப்பதில்லை. இது முதல் பாதி. அதே ஜன்னல் வழியாக நிலாவையும் பாருங்கள். மரங்கள் பின்னால் ஓடுகின்றன. நிலா மட்டும் நம் கூடவே வருகிறது. அது அவ்வளவு தூரத்தில் இருப்பதால், நாம் கொஞ்சம் இப்படி அப்படி நகர்ந்தாலும் அது இருக்கும் திசை மாறுவதில்லை. இது இரண்டாவது பாதி.

கிரப் இந்த இரண்டையும் சேர்த்தார். ஒரு சிறு குறியை லென்ஸின் குவியத்தில் வைத்தால், அதிலிருந்து வரும் ஒளி ஒன்றுக்கொன்று இணையாக, வெகு தூரத்திலிருந்து வருவதுபோல வரும். அதைச் சாய்ந்த கண்ணாடி ஒன்றில் பிரதிபலிக்கச் செய்தால், அந்தக் குறி குட்டி நிலாவைப்போலக் காட்டின்மேல் தொங்கும். தலை சற்று விலகினாலும் அது குழல் நோக்கும் திசையையே காட்டும். பள்ளமும் வேண்டாம், மணியும் வேண்டாம். தூரத்தில் உள்ள மானைப் பார்த்தால் போதும். குறியும் அங்கேயே தெளிவாக இருக்கும். இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு அழகான யோசனை உடனே வேட்டைக்காரன் கைக்கு வந்திருக்கவேண்டும் அல்லவா? வரவில்லை. முழுசாக எழுபத்தைந்து வருஷம் பிடித்தது. காரணம், விளக்கு. பட்டப்பகலில் பளிச்சென்று தெரியவேண்டும், கைத்துப்பாக்கியின் தலையில் உட்காரும் அளவுக்குச் சிறியதாக இருக்கவேண்டும், துப்பாக்கி உதைக்கிற உதையில் உடைந்துபோகவும் கூடாது. அப்படி ஒரு விளக்கு அன்று உலகத்தில் இல்லை.

ஆகாய விமானத்தில் இடமும் உண்டு, மின்சாரமும் உண்டு. ஆகவே யோசனை முதலில் ஆகாயத்துக்குப் போயிற்று. 1918-ல் ஜெர்மானியர் தங்கள் சண்டை விமானங்களில் இத்தகைய கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானிகள் இந்த மாதிரிக் கண்ணாடி வழியாகத்தான் குறிபார்த்தார்கள். யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவில் நைடார் என்ற பெயரில் வேட்டைத் துப்பாக்கிக்கு ஒன்று செய்து விற்றார்கள். அதற்கு விளக்கே இல்லை. ஆகாயத்து வெளிச்சத்தையே வாங்கிக் குறியைக் காட்டவேண்டும். வேட்டை மிருகம் வெளியே வருவது அந்தி மயங்குகிற வேளையில். அந்த வேளையில் குறி காணாமற் போயிற்று. நடுப்பகலில் குடை பிடித்து, மழையில் மடக்கி வைத்த கதைதான்!

பிறகு வேறொரு தந்திரமும் செய்து பார்த்தார்கள். ஒரு கண்ணுக்கு எதிரே மூடிய குழல். அதற்குள் ஒரு புள்ளி மட்டும். மற்றொரு கண் வெளியே பார்க்கும். புள்ளியையும் குறியையும் மூளை ஒன்றாக்கிக் காட்டும். 1970 நவம்பரில் வியத்நாமில் ஸன் டே சிறைமுகாமை இரவில் தாக்கிய அமெரிக்க வீரர்கள் இந்த வகையைத்தான் துப்பாக்கியில் கட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் பலருக்கு இரண்டு கண்களும் முற்றிலும் ஒத்துப்போவதில்லை. புள்ளி மெள்ள ஒரு பக்கமாக நகர்ந்துவிடும்.

விளக்கு கடைசியில் எங்கிருந்து வந்தது? 1962-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிசாலையில் நிக் ஹோலோன்யாக் என்பவர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியைத் தரும் எல்.இ.டி.யைச் செய்தார். கடுகளவு இருக்கும், சூடேறாது, இழை கிடையாது, ஆகவே அறுந்துபோவதும் கிடையாது. அவர் வேட்டையை நினைத்துச் செய்யவில்லை. ஆனால் கிரப்பின் யோசனை காத்திருந்தது இந்தக் கடுகுக்காகத்தான்.

இரண்டையும் சேர்த்து வைத்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். அங்கே மூஸ் என்று ஒரு பெரிய மான் உண்டு. குதிரை உயரம் இருக்கும். நாய்களோடு காட்டுக்குள் போய் அதைக் கிளப்புவார்கள். நிற்கிற மிருகத்தைச் சுடுவது வேறு. மரங்களுக்கு இடையே ஓடுகிற மிருகத்தைச் சுடுவது வேறு. ஓடும் மான் பொம்மையைச் சுடுகிற போட்டி பழைய ஒலிம்பிக் பந்தயங்களில்கூட இருந்தது. 1908-ல் லண்டனில் அதில் தங்கம் வாங்கிய ஸ்வீடன்காரர் ஆஸ்கார் ஸ்வானுக்கு அப்போது வயது அறுபது. 1920-ல் ஆண்ட்வெர்ப்பில் கோஷ்டியோடு வெள்ளி வாங்கியபோது எழுபத்திரண்டு! வெள்ளெழுத்தை ஜயித்த மகானுபாவர் அவர். எல்லோரும் ஸ்வான் ஆக முடியுமா? நம்மைப்போன்ற சாதாரணக் கண்ணுக்காக, மால்மோவில் 1974-ல் தொடங்கிய எய்ம்பாயிண்ட் கம்பெனி 1975-ல் எல்.இ.டி. வைத்த முதல் செம்புள்ளிக் கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேட்டைக்காரருக்காகப் பிறந்த சாமானை 1990-களில் அமெரிக்க ராணுவமே வாங்கத் தொடங்கியது. பிற்பாடு அது சுருங்கிச் சுருங்கி, நூறு கிராம் அளவுக்கு வந்துவிட்டது. என் மருமான் மாமாவிடம் எழுதிக் கேட்ட சாமான், அவன் குடியிருக்கிற ஊரிலேயே பிறந்தது!

சரித்திரம் இவ்வளவு தெரிந்ததும் தைரியமாகப் பதில் எழுதினேன். அதன் சாரம் இது.

புள்ளியின் அளவை முதலில் பார். நம் பஞ்சாங்கக்காரர்கள் ஒரு பாகையை அறுபது கலையாகப் பிரிக்கிறார்களே, அதே கலைக் கணக்குத்தான். ஒரு கலை அளவுள்ள புள்ளி 100 மீட்டரில் சுமார் 3 சென்டிமீட்டரை மறைக்கும். இரண்டு கலைப் புள்ளி 6 சென்டிமீட்டர். ஆறு கலைப் புள்ளி 17 சென்டிமீட்டருக்கு மேல். பெரிய புள்ளி சட்டென்று கண்ணில் படும், ஆனால் இலக்குப் பலகையின் நடுவட்டத்தை மறைத்துவிடும். இரண்டு வேலைக்கும் ஒரே கருவி என்றால் இரண்டு கலை போதும்; அந்தியில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, திறந்ததா மூடியதா? திறந்த வகை இலேசானது. ஆனால் விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு துளி மழையோ பனியோ விழுந்தால் புள்ளி சிதறிப்போகும். பனி பெய்கிற தேசத்தில் இரு பக்கமும் மூடிய சிறு குழல் உத்தமம். தலை எங்கே இருந்தாலும் குறி தப்பாது என்று விளம்பரம் சொல்லும். கிட்டத்தில் கொஞ்சம் தப்பும், ஆகவே கண்ணை நடுவிலேயே வைத்துப் பழகு. புள்ளி வட்டமாக இல்லாமல் நட்சத்திரம்போலச் சிதறித் தெரிந்தால் கடைக்காரனோடு சண்டைக்குப் போகாதே. அதை டெலிபோன் காமிரா வழியாகப் பார். அதில் வட்டமாகத் தெரிந்தால் கோளாறு உன் கண்ணில். கண் டாக்டரிடம் போ. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிக்குப் போகும் ஆசை உண்டானால் இதைக் கழற்றி வைத்துவிடு. அங்கே இது அனுமதி இல்லை.

கடிதத்தை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் எழுதும்போதே சுவரில் தொங்கிய அந்தத் துப்பாக்கி நினைவுக்கு வந்துவிட்டது. அது ஏன் தொங்கியது என்பதை அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார்.

1965 வாக்கில் நடந்தது. தாத்தாவுக்கு நாற்பத்தைந்து வயது. மலையடிவாரத்தில் கடலைக் காடு. இரவில் காட்டுப்பன்றி வந்து கொடியைக் கிளறிவிட்டுப் போகும். அதற்காகத்தான் துப்பாக்கிக்கு லைசென்ஸ். ஒரு நாள் பொழுது சாய்கிற வேளையில் வரப்போரமாக ஏதோ அசைந்தது. பள்ளம்கூட இல்லாத பழைய துப்பாக்கி. முனையில் ஒரு பித்தளை மணி மட்டும். அதுவும் அந்த வெளிச்சத்தில் அவருக்குப் பஞ்சுபோலத் தெரிந்ததாம். சுட்டுவிட்டார். பன்றி அல்ல, மிளா. பின்னங்காலில் பட்டு மலையேறிவிட்டது. இராத்திரி வெகு நேரம் அதன் சத்தம் ஓடைப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருந்ததாம். விடிந்ததும் தாத்தா இரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே போனார். பாறைக்கு மேல் துளி நின்றுவிட்டது. மூன்று நாள் தேடினார். கிடைக்கவில்லை. துப்பாக்கியை ஆணியில் மாட்டினார். பிறகு எடுக்கவே இல்லை. 1972-ல் வன உயிர் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முன்பே எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் வந்துவிட்டது.

ஸ்வீடனில், காயம்பட்டு ஓடிய மூஸைத் தேடப் பழக்கிய நாய் இரண்டு மணி நேரத்துக்குள் வந்து சேரும்படி ஏற்பாடு இருந்தால்தான் வேட்டைக்கே போகலாம் என்று சட்டம் இருக்கிறது. இதைப் படித்தபோது அந்தப் பாறைமேல் நின்ற தாத்தாவை நினைத்துக்கொண்டேன். செம்புள்ளிக் கண்ணாடி இருந்திருந்தால் அவருடைய பிழை திருந்தியிருக்குமா என்றும் யோசித்தேன். பாதி திருந்தியிருக்கும். ரவை பின்னங்காலில் படாமல் நெஞ்சில் பட்டிருக்கும். ஆனால் அது பன்றியா மிளாவா என்று எந்தப் புள்ளி சொல்லும்? ரவை போகும் இடத்தைத்தான் அது காட்டும். போகலாமா என்பதைக் காட்டாது. இதையும் கடிதத்தின் அடியில் எழுதி அனுப்பினேன்.

இரண்டு மாதம் பதில் இல்லை. பிறகு வந்தது. மூடிய சிறு குழல்தான் வாங்கினானாம்; இரண்டு கலைப் புள்ளி. ஓடும் மூஸ் பலகையில் பல வாரம் பழகிக்கொண்டானாம். முதல் வேட்டையில் ஒரு மூஸ் அவனுக்கு எதிரிலேயே வந்திருக்கிறது. எண்பது மீட்டர்கூட இராது. ஆனால் அதற்குப் பின்னால் அடர்ந்த புதர். புதருக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

"புள்ளி சரியாகத்தான் இருந்தது, மாமா. நான்தான் சுடவில்லை" என்று எழுதியிருந்தான்.

அந்தக் கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, ஆணி மட்டும் மிச்சமிருக்கும் அந்தச் சுவரை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.